பாட்டனார் பிறந்த இடம்

2011-இல் பாஸ்போர்ட் எடுப்பதற்காக ஒரு அரசு அலுவலகத்தில் போய் நின்றேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் விண்ணப்பத்தைப் புரட்டிக்கொண்டே கேட்டார்.

"அப்பா பிறந்த ஊர்?"

"டிக்கோயா."

"அது எங்க இருக்கு, கேரளாவா?"

"இலங்கை சார். நுவரெலியா பக்கம்."

பேனா நின்றது. தலையைத் தூக்கி ஒரு தடவை பார்த்தார். "அப்ப உங்க அப்பா இந்தியர்ங்கிறதுக்கு என்ன ஆதாரம்?"

ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டை, அப்பாவின் டான்டீ (தமிழ்நாடு அரசின் தேயிலைத் தோட்டக் கழகம்) வேலை அடையாள அட்டை என்று வரிசையாக எடுத்து வைத்தேன். "இதெல்லாம் எல்லாரும் வச்சிருக்காங்க" என்று தள்ளிவிட்டார். மூன்று தடவை அலைந்தேன். என் அக்கா அதற்கு இரண்டு வருஷம் முன்னால் அதே மாதிரி விண்ணப்பம் போட்டு, அதே அப்பாவின் பெயரை எழுதி, ஒரு கேள்வியும் இல்லாமல் பாஸ்போர்ட் வாங்கியிருந்தாள். அந்த மனிதர் காசுக்குத்தான் இழுத்தடிக்கிறார் என்றே நினைத்தேன். அப்புறம் சட்டத்தை எடுத்துப் படித்தபோதுதான் அவர் பக்கமும் ஒரு நியாயம் இருந்தது தெரிந்தது. இந்திய மண்ணில் 1987 ஜூலை 1-க்கு முன் பிறந்தவர்களுக்குப் பிறப்பு ஒன்றே போதும். அதற்குப் பின் பிறந்தவர்களுக்கு, பெற்றோரில் ஒருவராவது அந்த நேரத்தில் இந்தியக் குடிமகனாக இருந்திருக்க வேண்டும். அக்கா பிறந்தது 1985, நான் பிறந்தது 1988. நீலகிரியில், பந்தலூரில் ஒரே வீட்டில், ஒரே மருத்துவச்சி கையில் பிறந்தோம். அவள் மண்ணால் இந்தியர், நான் அப்பாவால் இந்தியர்.

அப்பா பரணிலிருந்து தகரப் பெட்டியை இறக்கினார். தாத்தாவின் பழைய இந்தியப் பாஸ்போர்ட், இலங்கையிலிருந்து வந்து இறங்கியபோது மண்டபம் முகாமில் கொடுத்த குடும்ப அட்டை, அதில் பன்னிரண்டு வயதுப் பையனாக அப்பாவின் பெயர். அதைக் காட்டியதும் வேலை முடிந்தது. ஆனால் பெட்டியின் அடியில், நாலாக மடித்து, மடிப்பில் கிழிந்த ஒரு ஆங்கிலக் கடிதம் கிடந்தது. 1950-களில் கொழும்பிலிருந்து தாத்தாவுக்கு வந்தது. இலங்கைக் குடியுரிமை கேட்டு அவர் போட்ட விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது என்பதுதான் சாரம்.

தாத்தாவின் அப்பா இலங்கையில் பிறந்தார் என்று நிரூபிக்க முடியாததில் தொடங்கியது எங்கள் வீட்டுக் கதை. அறுபது வருஷம் கழித்து எனக்கு வந்த சிக்கல், என் அப்பா இலங்கையில் பிறந்தார் என்பது சந்தேகமே இல்லாமல் தெரிந்ததால் வந்தது. அந்தக் கடிதத்தைப் பார்த்த நாளிலிருந்து, கிடைத்த நேரத்தில் எல்லாம் இலங்கைக் குடியுரிமைச் சட்டங்களைப் படிக்கிறேன். நான் வக்கீல் இல்லை. ஒவ்வொரு சட்டமும், இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்குப் போனவர்களின் வழிவந்த எங்கள் ஆட்களிடம் என்ன கேள்வி கேட்டது என்பதை மட்டும்தான் தேடினேன். கேள்வி காலத்துக்குக் காலம் மாறிக்கொண்டே வந்திருக்கிறது.

ஆரம்பத்தில் கேள்வியே இல்லை. இலங்கை மலைகளில் கோப்பி, அதாவது காபித் தோட்டங்களுக்கு ஆள் எடுத்த காலத்தில் திருச்சி, சேலம், மதுரை, புதுக்கோட்டைப் பக்கமிருந்து கங்காணிகள் கூட்டிக்கொண்டு போனார்கள். ராமேஸ்வரம் கரையிலிருந்து தலைமன்னார், அங்கிருந்து காட்டு வழியாக மாத்தளை வரை நடை. 1869-இல் கோப்பியில் இலைநோய் விழுந்து, அடுத்த பத்திருபது வருஷத்தில் மலை முழுக்கத் தேயிலை ஏறியது. கோப்பிக்குப் பறிப்புக் காலத்தில் மட்டும் ஆள் போதும். தேயிலைக்கு வருஷம் முழுக்கக் கொழுந்து எடுக்க வேண்டும். வந்து போனவர்கள் அப்படித்தான் லயன்களில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், நிரந்தரமாகத் தங்கினார்கள். இந்தியாவும் இலங்கையும் ஒரே முடியின் கீழ் இருந்தன, எல்லாரும் அந்த முடியின் பிரஜைகள். தோட்டத்துக்கு வேண்டியது எத்தனை கை என்ற கணக்கு. ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குப் போக 'துண்டு' வேண்டும்: கடன் தீர்ந்தது, ஆளை எடுத்துக்கொள்ளலாம் என்று கங்காணிக் கணக்கில் எழுதிய சீட்டு. எங்கள் ஆட்களின் முதல் அடையாள ஆவணம் ஒரு கடன் சீட்டு என்று சொன்னால் தப்பில்லை.

1911 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில்தான் 'இலங்கைத் தமிழர்', 'இந்தியத் தமிழர்' என்று தனித்தனிக் கட்டங்கள் வந்தன. அன்றைக்கு அது வெறும் கணக்குப்பிள்ளை வேலை. ஒரு கட்டத்துக்குள் பெயர் விழுந்துவிட்டால் அப்புறம் அந்தக் கட்டமே ஒரு நாட்டின் பெயரைச் சொல்ல ஆரம்பித்துவிடும் என்று யார் நினைத்திருப்பார்கள்.

முதல் கேள்வி வந்தது, இலங்கைக்குப் புது அரசியலமைப்பு வகுக்க லண்டன் அனுப்பிய டொனமூர் ஆணைக்குழுவின் காலத்தில். 1931-இல் இலங்கையில் ஆண், பெண் எல்லாருக்கும் ஓட்டுரிமை வந்தது. ஆசியாவில் இவ்வளவு சீக்கிரம் வேறெங்கும் வரவில்லை. ஆனால் தோட்டத்து மக்களுக்கு மட்டும் ஒரு கொக்கி போட்டார்கள். இந்த நாட்டிலேயே வேர் பிடித்தவர் என்று காட்ட வேண்டும், அல்லது சொத்தும் படிப்பும் இருக்க வேண்டும், அல்லது ஐந்து வருஷம் இருந்துவிட்டேன், இங்கேயே தங்கப் போகிறேன் என்று ஒரு சான்றிதழ் எடுக்க வேண்டும். கேள்வி, "தங்குவாயா?" என்பது. கேட்ட விதம் சந்தேகத்தோடுதான், ஆனாலும் பதில் சொல்லக்கூடிய கேள்வி. தங்குகிறேன் என்று சொன்னவர் ஓட்டுப் போட முடிந்தது.

கண்டிச் சிங்கள விவசாயிகளின் பக்கத்தையும் இங்கே சொல்ல வேண்டும். அவர்கள் மாடு மேய்த்த, காட்டை வெட்டிச் சேனைப் பயிர் செய்த மேட்டு நிலங்களைத்தான் ஆங்கிலேயர் தரிசு என்று சொல்லி எடுத்துத் தோட்டக்காரர்களுக்கு விற்றார்கள். நிலம் போனவனுக்கு, அந்த நிலத்தில் வேலை செய்ய வந்து நிற்பவன்தான் கண்ணுக்குத் தெரிவான். எடுத்தவன் லண்டனில் இருந்தான். அந்தக் கோபம் பொய் இல்லை, போய் விழுந்த இடம்தான் தப்பு. 1939-இல் இலங்கை அரசு தன் துறைகளிலிருந்த இந்தியத் தினக்கூலிகளை வேலையிலிருந்து நீக்க, பதிலுக்கு இந்தியா இலங்கைக்குக் கூலியாட்கள் போவதைத் தடை செய்தது. அதே வருஷம் நேரு கொழும்புக்குப் போனபோது இலங்கை இந்தியக் காங்கிரஸ் உருவானது.

1947 தேர்தலில் தோட்டத்து ஓட்டு நன்றாகவே பேசியது. நுவரெலியாவில் சௌமியமூர்த்தி தொண்டமான், தலவாக்கலையில் சி.வி. வேலுப்பிள்ளை என்று மலையகத்திலிருந்து பலர் பாராளுமன்றம் போனார்கள். வேறு பல தொகுதிகளில் தோட்ட மக்களின் ஓட்டு இடதுசாரிகளுக்கு விழுந்தது. டி.எஸ். சேனநாயக்காவின் ஐக்கிய தேசியக் கட்சி இதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தது. 1948 பிப்ரவரியில் சுதந்திரம். அந்த வருஷமே இலங்கைப் பிரஜாவுரிமைச் சட்டம், 18-ஆம் எண். நவம்பர் 15-இல் நடைமுறைக்கு வந்தது.

இந்தச் சட்டத்தை நான் பலமுறை படித்திருக்கிறேன். 'இந்தியர்' என்றோ 'தமிழர்' என்றோ சொல் தேடினால் கிடைக்காது. கேள்வி ஒன்றே ஒன்று: "உன் அப்பா எங்கே பிறந்தார்?" நீ இலங்கையில் பிறந்தது போதாது. அப்பாவும் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் அப்பாவின் அப்பாவும் அவருடைய அப்பாவும் பிறந்திருக்க வேண்டும். அம்மா, பாட்டி எங்கே பிறந்தார்கள் என்பது கணக்கிலேயே வராது.

இதில் ஒரு தந்திரம் இருக்கிறது. 1948-இல் முப்பது வயதுக்காரரின் அப்பா 1890 வாக்கில் பிறந்திருப்பார். அந்தக் காலத்துப் பிறப்புப் பதிவு மலைநாட்டுச் சிங்களக் கிராமத்தில் எத்தனை பேரிடம் இருந்திருக்கும்? பெரும்பாலும் இருந்திருக்காது. ஆனால் அவர்களிடம் யாரும் கேட்கவில்லை. பெயரைப் பார்த்தே முடிவாகிவிட்டது. சட்டம் எல்லாருக்கும் பொது, கேள்வி சிலருக்கு மட்டும்.

தாத்தாவுக்கு அப்போது இருபத்து மூன்று வயது. அவருடைய அப்பா டிக்கோயாத் தோட்டத்து லயனில் பிறந்தவர் என்பது தோட்டத்துக்கே தெரியும். பிரசவம் பார்த்தவள் பெயர் வரை அப்பாயி சொல்வாள். காகிதம் இல்லை. "எங்கப்பன் இங்க பிறந்ததுக்கு அந்தத் தேயிலைச் செடிதான்டா சாட்சி, அதுக்குக் கைநாட்டு வைக்கத் தெரியாதே" என்று தாத்தா சிரித்துக்கொண்டே சொல்வார். அவர் சிரிப்புக்குப் பின்னால் வேறு ஏதாவது இருந்ததா என்று அப்போது எனக்கு யோசிக்கத் தெரியவில்லை.

உலகத்தில் பல நாடுகளில் ஒரு வழி உண்டு: இத்தனை வருஷம் இரு, நல்லபடியாக நட, மொழி தெரிந்துகொள், உறுதிமொழி எடு, நீயும் எங்கள் ஆள். 1948 சட்டத்தில் அப்படிப் பொதுவான வாசல் கிடையாது. இலங்கைக் குடிமகனைக் கல்யாணம் செய்தவர்கள் பதிவு செய்துகொள்ளலாம். தாய்வழியாகச் சிலர் வரலாம். அப்புறம், பெரிய பொதுச்சேவை செய்தவர்கள், தங்கள் துறையில் பெயர் பெற்றவர்கள் என்று வருஷத்துக்கு 25 பேர் வரை அமைச்சர் சேர்த்துக்கொள்ளலாம். மலையில் கிட்டத்தட்ட எட்டு லட்சம் பேர் இருக்க, சட்டத்தில் இருந்தது 25 நாற்காலி.

வாசல் என்று ஒன்று அடுத்த வருஷம் வைத்தார்கள், இந்திய, பாகிஸ்தானிய வாசிகள் பிரஜாவுரிமைச் சட்டம் என்ற பெயரில். இப்போது கேள்வி மாறியது: "நடுவில் எங்கே போனாய்?" கல்யாணமானவர் ஏழு வருஷமும் ஆகாதவர் பத்து வருஷமும் 1946 ஜனவரி 1-க்கு முன் இடைவிடாமல் இலங்கையில் இருந்திருக்க வேண்டும். அதற்குப் பின்னும் விண்ணப்பிக்கும் நாள்வரை தொடர்ச்சி அறக்கூடாது. ஒரே மூச்சில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் அறுந்தது. மனைவி கல்யாணமாகி ஒரு வருஷத்துக்குள் வந்து சேர்ந்து தொடர்ந்து இருந்திருக்க வேண்டும். வருமானத்துக்கு வழி இருப்பதைக் காட்ட வேண்டும். அதோடு, விண்ணப்பிக்க இரண்டே வருஷம், 1951 ஆகஸ்டு வரை.

அந்த இரண்டு வருஷத்தில் பெரும்பகுதி வீணாய்ப் போனது. இந்தச் சட்டமே அவமானம், விண்ணப்பிக்க மாட்டோம் என்று இலங்கை இந்தியக் காங்கிரஸ் முதலில் புறக்கணித்தது. கடைசியில் மனம் மாறி, எல்லாரும் போடுங்கள் என்றபோது நாள் நெருங்கிவிட்டது. அந்த முடிவு சரியா தப்பா என்று இன்றைக்கும் எங்கள் சொந்தக்காரர்கள் கூடும் கல்யாணங்களில் சண்டை வரும். என் அபிப்பிராயம், புறக்கணித்ததில் தன்மானம் இருந்தது, ஆனால் அதற்கான விலையைக் கொடுத்தவர்கள் புறக்கணிக்கச் சொன்னவர்கள் அல்ல. கடைசி மாதங்களில் தோட்டம் தோட்டமாக இரவு விளக்கு வைத்துப் படிவம் நிரப்பியிருக்கிறார்கள். படிவம் ஆங்கிலத்தில். நிரப்பியவர்களுக்கும் அரைகுறை ஆங்கிலம். சுமார் 2,37,000 விண்ணப்பங்கள், அவற்றுக்குள் எட்டு லட்சத்துக்கு மேற்பட்ட ஆட்கள். பத்துப் பன்னிரண்டு வருஷம் இழுத்து, கடைசியில் ஏற்கப்பட்டவர்கள் ஒன்றரை லட்சத்துக்கும் குறைவு.

தாத்தாவின் கடிதத்துக்கு வருகிறேன். 1946 கடைசியில் குடும்பத்தோடு முசிறிப் பக்கம் குலதெய்வக் கோயிலுக்குப் போயிருக்கிறார்கள். போன இடத்தில் பூட்டன், அதாவது தாத்தாவின் அப்பா, படுத்துவிட்டார். மருத்துவம், சாவு, கருமாதி, திதி என்று திரும்பும்போது பதினாலு மாதம். தோட்டத்துச் செக்ரோலில் (வருகைப் பதிவேட்டில்) அத்தனை மாதமும் பெயருக்கு எதிரே வெற்றுக் கட்டம். விசாரணைக்குப் போன தாத்தாவிடம் அதைத்தான் காட்டியிருக்கிறார்கள். பூட்டன் இரண்டு மாதம் முன்னாடியே செத்திருந்தால் நான் இலங்கையில் பிறந்திருப்பேன் என்று ஒருமுறை விளையாட்டாகச் சொன்னேன். அப்பாயி முறைத்த முறைப்பு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

ஓட்டுரிமை குடிமக்களுக்கு மட்டும் என்று இன்னொரு சட்டம் 1949-இல் வந்தது. 1952 தேர்தலில் மலையகத்திலிருந்து ஒருவர்கூட இல்லை. அந்த வருஷம் சத்தியாகிரகம் நடந்தது, ஒன்றும் நடக்கவில்லை. நீதிமன்றத்துக்கும் போய்ப் பார்த்தார்கள். எந்தச் சமூகத்தையும் ஒதுக்கும் சட்டம் செல்லாது என்று அன்றைய இலங்கையின் சோல்பரி அரசியலமைப்பின் 29-ஆம் பிரிவு சொன்னது. கோடகன் பிள்ளை என்பவரின் வழக்கு, அன்றைக்குக் கடைசி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில்வரை போனது. தன் குடிமக்கள் யார் என்று முடிவு செய்வது ஒரு நாட்டின் சட்டமன்றத்துக்கு இயல்பான வேலை, சட்டத்தில் எந்தச் சமூகத்தின் பெயரும் இல்லையே என்று 1953-இல் தள்ளிவிட்டார்கள். பெயரை எழுதாமல் விட்டவர் யாரோ, அவர் கெட்டிக்காரர்.

யாழ்ப்பாணத் தலைவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. 1948 சட்டத்தை எதிர்த்து ஓட்டுப் போட்ட ஜி.ஜி. பொன்னம்பலம், அதற்குள் அமைச்சராகிவிட்டு, அடுத்த சட்டத்தை ஆதரித்தார். அதைப் பொறுக்காமல் பிரிந்த எஸ்.ஜே.வி. செல்வநாயகம் 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். இன்றைக்கு இலங்கைத் தமிழர் அரசியல் என்று நாம் பேசுவதில் பாதி, எங்கள் தாத்தாக்களின் காகிதத்துக்காக நடந்த அந்தச் சண்டையில் பிறந்தது. இது பலருக்கு ஞாபகம் இருப்பதில்லை.

இந்தியா என்ன சொன்னது? அவர்கள் இலங்கையில் பிறந்து வளர்ந்தவர்கள், இலங்கையின் பொறுப்பு என்பது நேருவின் நிலை. விரும்பி வந்து கேட்டால், நம் அரசியலமைப்பின் 8-ஆம் பிரிவின்படி வெளிநாட்டிலிருக்கும் இந்திய வம்சாவளியினராகத் தூதரகத்தில் பதிந்துகொள்ளலாம். தானாக யாரும் இந்தியர் ஆகிவிட மாட்டார்கள். இரண்டு நாட்டுக்கும் நடுவில் 'நாடற்றவர்' என்ற சொல் வந்து உட்கார்ந்தது. 1954-இல் நேருவும் இலங்கைப் பிரதமர் கொத்தலாவலவும் ஒப்பந்தம் போட்டார்கள், அது பெயருக்குத்தான்.

நேரு இறந்து ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. 1964 அக்டோபர் 30-இல் லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் கையெழுத்துப் போட்டார்கள். அத்தோடு கேள்வி முழுக்க மாறிவிட்டது. அப்பா எங்கே பிறந்தார், நடுவில் எங்கே போனாய், தங்குவாயா, எதுவும் வேண்டாம். "எத்தனை பேர்?" அவ்வளவுதான். மொத்தம் 9,75,000. இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, மீதி 1,50,000 பிறகு பார்க்கலாம். பதினைந்து வருஷத்தில் முடிக்க வேண்டும். அந்த மீதியை 1974-இல் இந்திரா காந்தியும் சிறிமாவோவும் ஆளுக்கு 75,000 என்று பிரித்துக்கொண்டார்கள். சந்தையில் மிச்சமிருக்கும் தேங்காயைக்கூட இவ்வளவு சரிபாதியாகப் பிரித்து நான் பார்த்ததில்லை.

இதில் ஒரு விகிதம் உண்டு, ஏழுக்கு நாலு. ஏழு பேர் இந்தியாவுக்கு, நாலு பேர் இலங்கைக்கு. ஏழு பேருக்கு இந்தியா குடியுரிமை கொடுத்தால் இலங்கை நாலு பேருக்குக் கொடுக்கும் என்று 1967 சட்டம் சொன்னது. 1971-இல் அதைத் திருத்தி, ஏழு பேர் உண்மையிலேயே கப்பல் ஏறினால்தான் நாலு என்று ஆக்கினார்கள். அதாவது, ஒருவருக்குப் பிறந்த நாட்டின் குடியுரிமை கிடைப்பது, முன்பின் தெரியாத இன்னொருவர் பிறந்த நாட்டை விட்டுப் போவதைப் பொறுத்தது.

எங்கள் வீட்டில் தாத்தா இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்தார். அவர் தம்பி, எங்கள் சின்னத் தாத்தா, இலங்கைக்கு எழுதிக் கொடுத்தார். ஒரே லயனில் அடுத்தடுத்த காம்பரா (அறை). ஏன் அப்படி என்று கேட்டால் ஒவ்வொருவரும் ஒவ்வொரு காரணம் சொல்வார்கள். தாத்தா ஒருமுறை நிராகரிக்கப்பட்டவர், இன்னொரு முறை போய்க் கை நீட்ட அவருக்கு மனமில்லை. "கேட்டுக் குடுக்காத வீட்டுல மறுபடி போய் உக்காரக் கூடாது" என்பார். சின்னத் தாத்தாவுக்கு முசிறி முகமே தெரியாது. கப்பல் ஏறும்போது எங்கள் குடும்பம் எட்டுப் பேர். பிற்பாடு கடிதத்தில் தாத்தா தம்பியைச் சீண்டி எழுதுவாராம்: "ஏழு பேர் கணக்குல உனக்கு நாலு வந்துருச்சு. எட்டாவது ஆள் நான் இனாமா வந்துருக்கேன், அதுக்கு என்ன தருவே?"

அவர்கள் கிளம்பியது 1974. அந்த வருஷமும் அதற்கு முந்தின வருஷமும் தோட்டங்களில் பஞ்சம். ரொட்டிக்கு மாவு இல்லாமல் கிழங்கைத் தோண்டித் தின்று, பலர் செத்தே போனார்கள். போகலாமா வேண்டாமா என்று தயங்கிக்கொண்டிருந்தவர்களைப் பசி கப்பலில் ஏற்றியது. ஹட்டனிலிருந்து தலைமன்னாருக்குப் போகும் ரயிலை 'அழுகைக் கோச்சி' என்று சொல்வார்கள். அப்பாவுக்கு ஞாபகம் இருப்பது, கோச்சி நகரும்போது சின்னத் தாத்தா கூடவே ஓடி வந்ததும், அவர் தோளில் கிடந்த துண்டு கீழே விழுந்ததும். அதை எடுக்க அவர் குனிந்தபோது கோச்சி போய்விட்டது.

ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாம். அங்கே இவர்களுக்கு 'தாயகம் திரும்பியோர்' என்று பெயர். அப்பாவுக்கு அந்தச் சொல் இன்றுவரை புரியவில்லை, "திரும்புறதுன்னா முன்னாடி வந்திருக்கணும்ல?" என்பார். சிலரை ஆலைகளுக்கு அனுப்பினார்கள், சிலரை ரப்பர் தோட்டங்களுக்கு. சிலருக்குத் தொழில் கடன் கொடுத்தார்கள், அது தரகர் வழியாகவே கரைந்தது. குளிரும் தேயிலையும் தெரிந்தவர்கள் நீலகிரியைத் தேடிப் போனார்கள். கூடலூர், பந்தலூர், கோத்தகிரி என்று அரசின் தேயிலைத் தோட்டங்கள் இவர்களுக்காகவே நடப்பட்டன. காகிதத்தில் இந்தியர், ஊரில் 'சிலோன்காரங்க'. இந்தியக் குடியுரிமை கையிலேயே இருந்ததால் சட்டத்தில் எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. சாதிச் சான்றிதழ் வாங்கப் போகும்போதுதான், பூட்டன் எந்த ஊர் என்ற கேள்வி மறுபடி வரும்.

போனவர்கள் கதை இப்படி. போக எழுதிக் கொடுத்துவிட்டுப் போகாமல் நின்றவர்களின் கதை இன்னும் விசித்திரம். அப்பாயியின் தங்கைக்கு 1983-இல் இந்தியப் பாஸ்போர்ட் வந்துவிட்டது. தோட்டத்தில் பேர் வெட்டியாயிற்று, பெட்டியும் கட்டியாயிற்று. 1984-இல் யுத்தத்தால் தலைமன்னார் கப்பல் நின்றுபோனது. கட்டின பெட்டி கட்டினபடியே இருந்தது. இந்தியர் என்று பாஸ்போர்ட் சொல்லும், ஆனால் இந்தியாவுக்குப் போக வழியில்லை. இலங்கையில் இருக்கிறார், ஆனால் இலங்கைக்குக் காலாவதியான விருந்தாளி. அவர் பிள்ளைகள் எந்தக் கணக்கிலும் இல்லை. ஒப்பந்தக் காலம் முடிந்துவிட்டது என்று இந்தியாவும் அதற்குள் கையை உதறியிருந்தது.

அதன் பிறகு ஒவ்வொரு முடிச்சாக அவிழ்ந்தது. அதற்கு முன்பே, 1977-இல், தொண்டமான் மறுபடி தேர்தலில் வென்று பாராளுமன்றம் போனார். முப்பது வருஷ இடைவெளி. 1986 பொங்கலையொட்டி மலையகம் முழுக்க வேலையை நிறுத்திப் பிரார்த்தனை என்று உட்கார்ந்தார்கள். நாட்டில் யுத்தம், தேயிலையும் நின்றால் அரசுக்குத் தாங்காது. இந்தியா எடுக்க வேண்டிய ஆறு லட்சத்தில் விண்ணப்பித்தவர்கள் 5,06,000 பேர்தான், குறைந்த 94,000 பேரையும் தானே ஏற்பதாக இலங்கை சட்டம் செய்தது. 1988-இல் இன்னொரு சட்டம். எங்கள் அப்பாயியின் தங்கை மாதிரி பாஸ்போர்ட்டோடு நின்றவர்கள் அப்போதும் வெளியே. தொண்டமான் அதைப் பார்க்காமலே 1999-இல் இறந்தார், அதுவும் ஒப்பந்தம் கையெழுத்தான அதே அக்டோபர் 30-இல்.

2003 அக்டோபரில் பாராளுமன்றம் ஒருமனதாக நிறைவேற்றிய சட்டம் கடைசிக் கேள்வியைக் கேட்டது: "1964 அக்டோபர் 30-இல் இருந்து இங்கேதான் இருக்கிறாயா? இல்லை, அப்படி இருந்தவரின் பிள்ளையா, பேரனா?" ஆமாம் என்றால் குடிமகன். அப்பா பிறந்த சான்றிதழ் வேண்டாம். அந்த டிசம்பரில் பத்தே நாளில் சுமார் 1,90,000 பேருக்குக் காகிதம் கிடைத்தது, தோட்டம் தோட்டமாகத் தொண்டர்கள் போய் எழுதி வாங்கினார்கள். ஐம்பத்தைந்து வருஷம் இழுத்த வேலைக்குப் பத்து நாள் போதுமாக இருந்திருக்கிறது. இதைப் படித்தபோது சந்தோஷத்தைவிட எரிச்சல்தான் வந்தது.

இது முடிந்துபோன கதை என்று யாராவது சொன்னால் திருச்சி கொட்டப்பட்டு முகாமுக்குப் போய்ப் பார்க்கலாம். கலவரத்துக்குத் தப்பிக் கடல் தாண்டி வந்த மலையகத்தவர்கள் பலர் இங்கே அகதியாகவே இருக்கிறார்கள். ஒப்பந்தப்படி வந்திருந்தால் இந்தியர், உயிருக்குப் பயந்து வந்ததால் சட்டவிரோதக் குடியேறி என்றது அரசு. அவர்களில் 65 பேர் போட்ட வழக்கில், அவர்களின் விண்ணப்பத்தைப் பரிசீலிக்க வேண்டும் என்று 2019 ஜூனில் மதுரை உயர்நீதிமன்றக் கிளை சொன்னது. அதே வருஷம் டிசம்பரில் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டம் மூன்று நாடுகளின் பெயரைச் சொன்னது. இலங்கை அதில் இல்லை.

2018-இல் அப்பாவைக் கூட்டிக்கொண்டு டிக்கோயா போனேன். நாற்பத்து நாலு வருஷம் கழித்து. கட்டுநாயக்க விமான நிலையத்தில் படிவம் நிரப்பும்போது, வந்த காரணம் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று அப்பா கேட்டார். சுற்றுலா என்று எழுதினேன். முப்பது நாள் கொடுத்தார்கள்.

லயன் அப்படியே இருந்தது, கூரைத் தகரம் மட்டும் புதுசு. சித்தப்பா, அதாவது சின்னத் தாத்தாவின் மகன், அப்பாவைப் பிரதேச செயலகத்துக்குக் கூட்டிப் போனார். பிறப்புச் சான்றிதழின் நகல் கேட்டோம். பதிவேட்டைத் தேடி அரை மணி நேரத்தில் கொடுத்துவிட்டார்கள். 1962, தோட்டத்தின் பெயர், தாத்தா பெயர், அப்பாயி பெயர் எல்லாம் சரியாக இருந்தது. கீழே வந்தால் ஒரு கட்டம்: பாட்டனார் இலங்கையில் பிறந்திருந்தால் அவருடைய முழுப்பெயர், பிறந்த ஆண்டு, பிறந்த இடம். 1948 சட்டத்தின் கேள்வி, பிறந்த குழந்தையின் சான்றிதழுக்குள்ளேயே கட்டம் கட்டி உட்கார்ந்திருந்தது. அந்தக் கட்டத்தில் பெயர் இல்லை. மசியில் குறுக்காக ஒரு கோடு. டிக்கோயா லயனில் பிறந்த, தேயிலைச் செடி மட்டுமே சாட்சியான எங்கள் பூட்டனுக்கு அந்தக் கோடு.

அன்று இரவு சித்தப்பா தன் பேத்தியின் பிறப்புச் சான்றிதழை எடுத்து வந்து அப்பா மடியில் வைத்தார். குழந்தைக்கு அப்போது ஒரு வயது. பிளாஸ்டிக் உறையோடு இருந்த அதில் விரலை ஒரு கட்டத்துக்குக் கொண்டுபோனார். பாட்டனார் பெயர் என்ற இடத்தில் சித்தப்பாவின் பெயர். பிறந்த ஆண்டு 1960. பிறந்த இடம், டிக்கோயா. அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, எழுத்துக்கூட்டுகிற மாதிரி மெதுவாக, இரண்டு தடவை படித்தார். அப்புறம், "தோட்டத்துப் பேரை ஒரு எழுத்து தப்பாப் போட்டிருக்கானுங்க, சொல்லித் திருத்து" என்றார்.